பறவையின் நகம்: வீட்டில் வெட்டுவதா, டாக்டரிடம் போவதா, உட்காரும் கொம்பை மாற்றினால் போதுமா?

போன ஏப்ரலில் ஒரு ராத்திரி, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கூண்டுக்குள் படபடவென்று சத்தம். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், கூண்டை மூடியிருந்த டர்க்கி டவலின் நூல் வளையத்தில் எங்கள் காக்டைலின் (தலையில் கொண்டை உள்ள சின்னக் கிளி) நகம் மாட்டி, அது ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காக்டைல்களுக்கு இருட்டில் திடீரென மிரண்டு அடித்துக்கொள்ளும் குணம் உண்டு. நூலைக் கத்தரித்து எடுத்தேன். விரல் திருகிக்கொள்ளவில்லை. ஆனால் நகம் நீண்டிருப்பதை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே, அப்புறம் செய்யலாம் என்று விட்டது என் தவறு.

அன்றிலிருந்து நகத்துக்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையும் பார்த்துவிட்டேன். வீட்டில் ஒரு சாம்பல் நிறக் காக்டைல், நான்கு பட்ஜி. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிறோமே, அவை பட்ஜிகள்தான். இத்தனைக்கும் பிறகு எனக்குத் தெளிவானது ஒன்று. எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி. பறவையைப் பிடிப்பது யார் என்பதுதான் முதல் கேள்வி. பிடிக்கத் தெரிந்த ஒரு கை வீட்டில் இருந்தால் ஒரு வழி, இல்லையென்றால் வேறு வழி. இது தெரியாமல் நகவெட்டியை வாங்கினால் பறவைக்குத்தான் ஆபத்து.

அதற்கு முன்னால், வெட்டத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்துப் பறவையை அதில் நடக்க விடுங்கள். விரலின் அடிப்பகுதி காகிதத்தில் சமமாகப் பதிந்தால் நகம் சரியான நீளம். நகம் தரையில் முட்டி விரலைத் தூக்கிவிட்டால், பக்கவாட்டில் வளைந்து போனால், அரை வட்டத்தையும் தாண்டிச் சுருண்டால், துணியிலும் கம்பியிலும் அடிக்கடி மாட்டினால் குறைக்க வேண்டும். தோளில் உட்காரும்போது குத்துகிறது என்பது மட்டுமே காரணமென்றால் வெட்ட வேண்டியதில்லை, நுனியைத் தேய்த்தால் போதும். பறவைக்கு நகம் பிடிமானம். அதை ஒட்ட வெட்டிவிட்டால் கொம்பிலிருந்து வழுக்கி விழும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். சில நேரம் நகம் வளர்வது நகத்தின் பிரச்சினையே அல்ல. வெறும் தினையைத் தின்றே வளரும் பட்ஜிகளுக்கு ஈரலில் கொழுப்பு சேரும். அப்போது அலகும் நகமும் சேர்ந்து வேகமாக நீளும். அலகிலோ நகத்திலோ கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ரத்தம் கட்டினாற்போலப் புள்ளி தெரியும். அலகைச் சுற்றியும் காலிலும் வெள்ளையாக, தேன்கூட்டுத் துளைகள் போலப் பொருக்கு கட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் வேலை. இந்த அடையாளங்களில் எது இருந்தாலும் நகவெட்டியை எடுக்காதீர்கள், நேராக டாக்டர். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழியும் பறவையையும், மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடும் பறவையையும் பிடிக்கவே கூடாது. அந்த நிலையில் பிடிப்பதே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம்.

பச்சைக்கிளி வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு நகம் வெட்டும் வழியைத் தேடுவதைவிட வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி. கூண்டிலேயே வளர்ந்ததை மொட்டைமாடியிலிருந்து பறக்கவிட்டால் அதற்கு இரை தேடத் தெரியாது, அதனால் அப்படியும் செய்யாதீர்கள். கோனூர் மாதிரி வெளிநாட்டுக் கிளி இருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்டைலுக்கும் அந்தப் பதிவு தேவையில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நகவெட்டி. நாம் பயன்படுத்தும் பெரிய நகவெட்டி வேண்டாம். அது நம் தட்டையான நகத்துக்காகச் செய்தது, பறவையின் உருண்டை நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். பட்ஜிக்குக் கைக்குழந்தை நகவெட்டி போதும். காக்டைலுக்குப் பூனை நகத்துக்கென்று விற்கும், வாயில் சிறு பிறை வெட்டு உள்ள கத்தரிக்கோல் நன்றாக இருக்கிறது. நகத்துக்குள் ஒரு ரத்தக்குழாயும் அதனுடன் நரம்பும் ஓடுகின்றன. அதில் பட்டால் ரத்தம் வரும், வலிக்கும். மஞ்சள் லுட்டினோ பட்ஜிக்கும் வெள்ளைப் பட்ஜிக்கும் நகம் வெளிறி இருப்பதால் உள்ளே இளஞ்சிவப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளலாம். சாம்பல் காக்டைலுக்கு நகம் கறுப்பு. நகத்துக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் சிலவற்றில் நிழல் தெரியும், சிலவற்றில் ஒன்றும் தெரியாது. தெரியாத நகத்தில் 1 மில்லிமீட்டர் எடுத்துவிட்டு நிறுத்துவதுதான் பாதுகாப்பு. இரண்டு வாரம் கழித்து இன்னொரு மில்லிமீட்டர். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் உள்ளே இருக்கும் ரத்தக்குழாயும் பின்வாங்கிக்கொண்டே வரும். ஒரே நாளில் அழகான நீளத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் ரத்தம் நிச்சயம்.

இனி பிடிப்பது. இதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் (மூச்சு இழுக்க உதவும் தசை) கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அதற்கு மூச்சுத் திணறும். பயந்து நாம் இறுக்க, அது திமிற, இன்னும் இறுக்க, கையிலேயே செத்துப்போன பட்ஜிகள் உண்டு. சரியான பிடி வேறு. கட்டைவிரலும் நடுவிரலும் தலையின் இரு பக்கமும் தாடைக்குக் கீழே, ஆள்காட்டி விரல் உச்சந்தலையில், உடம்பு உள்ளங்கையில் சும்மா படுத்திருக்க வேண்டும். பறவையின் மூச்சுக்குழாய் முழு வளையங்களால் ஆனது. அதனால் கழுத்தைப் பக்கவாட்டில் மென்மையாகப் பிடிப்பது, நெஞ்சை அழுத்துவதைவிடப் பாதுகாப்பு. இது முதலில் கேட்கும்போது யாருக்கும் நம்பிக்கை வராது. எனக்கும் வரவில்லை.

எங்கள் பின்தெருவில் மொட்டைமாடியில் புறா வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். ஒரு புறாவை எடுத்து, கால்களை விரலிடுக்கில் கொடுத்து, உடம்பைக் கையில் வைத்துக் காட்டினார். "இன்னாம்மா, கையில தண்ணி நிக்கிற மாதிரி வெச்சுக்க, அவ்ளோதான்" என்றார். புறா கடிக்காது, அதனால் அந்தப் பிடி கிளி இனத்துக்கு அப்படியே உதவாது. ஆனால் கையின் அந்தத் தளர்ச்சியை அவரிடம்தான் கற்றேன். ஒரு வாரம் வெட்டாமல் வெறுமனே பிடித்து, பத்து எண்ணி, விட்டுப் பழகினேன்.

சுற்றிப் பிடிக்கத் துணி வேண்டும். டர்க்கி டவல் கூடவே கூடாது, அதன் வளையங்களில் நகம் மாட்டும். எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்தது பலமுறை துவைத்து மெலிந்த பழைய கைலித் துணி. குடியாத்தம் கைலி நம் வீடுகளில் எப்படியும் ஒன்று கிழிந்து கிடக்கும். மென்மையாக இருக்கும், நூல் எழும்பாது, காற்றும் புகும். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் வெட்ட வேண்டும். ஒரே ஆள் ஒரு கையில் பிடித்து மறு கையில் வெட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மூன்று நிமிடத்துக்குள் எத்தனை நகம் முடிகிறதோ அத்தனைதான். பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே விட்டுவிட வேண்டும்.

நேரமும் முக்கியம். வேலூர் வெயிலைப் பற்றி நமக்கே சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பறவைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அந்த வெக்கையில் பிடித்துத் துணியில் சுற்றினால் தாங்காது. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. இன்னொரு வசதி, ரத்தம் மறுபடி கசிந்தால் பகல் முழுக்கக் கண்ணில் படும். ராத்திரி வெட்டிவிட்டுப் படுத்தால் விடியும்போதுதான் தெரியும்.

ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 35 கிராம் எடையுள்ள பட்ஜியின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 3.5 மில்லிதான். அதில் பத்தில் ஒரு பங்கு போனால் ஆரோக்கியமான பறவை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அது வெறும் ஆறேழு சொட்டு. 90 கிராம் காக்டைலுக்குப் பதினெட்டு சொட்டு. நமக்கு ஒன்றுமில்லாத அளவு அதற்குப் பெரியது. ஒரு கிண்ணத்தில் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வரும் நுனியை மாவில் அழுத்தி, விரலால் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். சவரம் செய்தபின் தடவும் படிகாரத்தைப் பொடித்தும் வைக்கலாம். அது நகத்தின் நுனிக்கு மட்டும், சதையில் படக்கூடாது, பறவை அதைத் தின்னவும் கூடாது. ஊதுபத்தி நெருப்பை நுனியில் வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

இதற்கு மாற்றாக நெயில் ஃபைல் இருக்கிறது. வீட்டில் பிடிக்க இன்னொருவர் இல்லாதவர்களுக்கு, கறுப்பு நகப் பறவை வைத்திருப்பவர்களுக்கு, கை நடுங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உப்புக் காகிதம் ஒட்டிய அட்டை ஃபைலே போதும், இரும்பு ஃபைல் சின்ன விரலை ஆட்டிவிடும். நகவெட்டி ஒரு நொடியில் செய்வதை இது பத்துப் பதினைந்து இழுப்பில் செய்யும். ஆனால் தவறு நடக்க இடமே கொடுக்காது. நகத்தின் நடுவில் நிறம் மாறுவது தெரிந்ததும் நிறுத்திவிடலாம். நிறைய வளர்ந்துவிட்ட நகத்தை இதைக்கொண்டு குறைப்பது கஷ்டம் என்பது உண்மை. அதற்குப் பல நாள் ஆகும். ஆகட்டுமே.

மின்சாரத்தில் சுழலும் தேய்ப்பான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கிளிகளுக்கு டாக்டர்கள் பயன்படுத்துவது. சத்தமும் அதிர்வும் உண்டு, இரண்டு நொடிக்கு மேல் ஒரே இடத்தில் வைத்தால் நகம் சூடாகும். பட்ஜிக்கு அது தேவையே இல்லை.

பறவைக் கடையில் வெட்டித் தருவார்கள் என்று நிறையப் பேர் போகிறார்கள். நானும் போனேன், அந்தத் தலைகீழ் ராத்திரிக்கு மறுநாளே. கடைக்காரர் காக்டைலின் எட்டு நகத்தையும் ஒரு நிமிடத்துக்குள் வெட்டிக் கொடுத்தார். கூண்டில் விட்டதும் பார்த்தால் மூன்று விரலில் ரத்தம். அவர் கையில் மாவும் இல்லை, மருந்தும் இல்லை. "அது தானா நிக்கும்" என்றார். வீடு வருவதற்குள் கூண்டின் அடிக் காகிதம் சொட்டுச் சொட்டாகச் சிவந்திருந்தது. நாலு நாள் அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றது. எல்லாக் கடையும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பல பறவைகளைத் தொட்ட கையும் கழுவாத கத்தரியும் நம் பறவையின் காலில் படுகின்றன என்பதையும் யோசியுங்கள். இன்னொரு முறை நான் போக மாட்டேன்.

டாக்டரிடம் போவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் பக்கத்தில் உள்ள சிக்கல் வேறு. இது மாடும் ஆடும் நிறைந்த ஊர். பொய்கை மாட்டுச் சந்தையை நினைத்தாலே தெரியும். கால்நடை மருத்துவமனைகளின் வேலையில் பெரும்பகுதி அவற்றுக்கும் நாய்களுக்கும்தான் போகிறது. அதனால் கிளம்புமுன் போன் செய்து, சின்ன வளர்ப்புப் பறவை பார்ப்பீர்களா, நகம் வெட்டியிருக்கிறீர்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ராணிப்பேட்டையில் பெரிய கால்நடை நிறுவனம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். அது 1932இல் தொடங்கிய தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம், சிகிச்சைக்கான இடம் அல்ல. ஈரல் நோய் மாதிரி பெரிய விஷயமென்றால் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து வேப்பேரி பக்கம்தான். ஆனால் வெறும் நகத்துக்காக 130 கிலோமீட்டர் ஒரு சின்னப் பறவையைக் கொண்டுபோவது, நகத்தைவிடப் பெரிய தொல்லையை அதற்குக் கொடுப்பது. உள்ளூரில் கொண்டுபோனாலும் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், விடியற்காலையில். கிரீன் சர்க்கிள் நெரிசலில் பத்து மணி வெயிலில் ஆட்டோவுக்குள் நிற்கும் நிலை அதற்கு வரக்கூடாது.

டாக்டரிடம் ஒரு முறையாவது போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அவர் பிடிப்பதையும் வெட்டுவதையும் நேரில் பார்க்கலாம். எங்கள் காக்டைலை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனபோது, "அக்கா, நீங்களே ஒரு நகம் வெட்டிப் பாருங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். அந்த ஒரு நகத்தில் கற்றது நிறைய.

கடைசியாகக் கொம்பு. எனக்குப் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூண்டோடு வரும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியோ ஒரே கனத்தில் சீவிய மரக் குச்சியோதான் நகம் வளர்வதற்குப் பாதிக் காரணம். நாள் முழுக்க விரல் ஒரே இடத்தில் பதிகிறது, நகநுனி எதிலும் உரசுவதில்லை. அந்தக் குச்சிகளை எடுத்துவிட்டு இயற்கைக் கொம்பு வையுங்கள். கனம் சீராக இருக்கக் கூடாது, ஒரு முனை பருத்து மறு முனை மெலிந்து இருக்க வேண்டும். பட்ஜிக்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டு சென்டிமீட்டர், காக்டைலுக்கு இரண்டு, இரண்டரை. விரல்கள் கொம்பைச் சுற்றி முக்கால் பங்கு வந்தால் சரியான கனம். வேப்பங்கொம்பு நமக்கு எங்கும் கிடைக்கும், கொஞ்சம் முற்றிய கிளையில் பட்டை சொரசொரப்பாக இருக்கும். கொய்யாக் கொம்பும் வைக்கலாம், பட்டை வழவழப்புதான், ஆனால் முடிச்சும் வளைவுமாக இருப்பதால் காலுக்கு நல்லது. பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பார்த்து, தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நம் வெயிலில் போட்டால் போதும். அரளி மட்டும் வேண்டவே வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நடுவில் பூத்துக் கிடக்கிறதே என்று யாராவது ஒரு கிளையை ஒடித்துவந்து வைத்தால், பறவை அதைக் கொறித்து இறந்துவிடலாம். இலை, பட்டை, பூ எல்லாமே விஷம்.

சிமெண்ட் கொம்பு என்று சொரசொரப்பாக விற்கிறார்கள். ஒன்று மட்டும் வையுங்கள், தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். மேலே தூங்குமிடத்தில் வைத்தால் ராத்திரி முழுக்க அதன் மேல் நின்று உள்ளங்கால் புண்ணாகும். உப்புக் காகித உறை போட்ட குச்சிகளும் அப்படித்தான், நகத்தைவிட உள்ளங்காலைத்தான் தேய்க்கின்றன, அவற்றை வாங்காதீர்கள். பட்ஜிகளுக்கு நான் இன்னொன்றும் செய்தேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் அவை தரையில் நடந்து விதை பொறுக்கும் பறவைகள். அதனால் கூண்டின் அடியில் ஒரு தட்டைக் கருங்கல் துண்டைக் கழுவி வைத்து, காலைத் தினையை அதன் மேல் தூவுகிறேன். நடந்து, கிளறிக் கொத்தும்போது நகநுனி தானாகத் தேய்கிறது. மூன்று பட்ஜிகளுக்கு ஆறு மாதமாக நகவெட்டியே தேவைப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே சுருண்டுவிட்ட நகத்தைக் கொம்பும் கல்லும் குறைத்துவிடாது. முதலில் குறைத்தாக வேண்டும், அதன் பிறகு நீளாமல் காப்பதுதான் அவற்றின் வேலை.

அப்படியானால் எந்த வீட்டுக்கு எது? வெளிறிய நகம், பிடிக்கப் பழகிய இன்னொருவர், காலை நேரம், கிண்ணத்தில் சோளமாவு: இந்த நான்கும் இருந்தால் வீட்டிலேயே நகவெட்டியால் வெட்டலாம். நகம் கறுப்பு, ஆனால் பறவை நம்மிடம் பழகியது என்றால் நெயில் ஃபைல். இரண்டும் இல்லையென்றால் முதல் தடவை டாக்டர், அப்புறம் கொம்பு. எங்கள் நாலாவது பட்ஜி, வயதான நீலம், அதற்கு அலகும் சேர்ந்து நீண்டது. அதை டாக்டர்தான் பார்க்கிறார். தினையைக் குறைத்து முருங்கைக்கீரையும் கேரட் துருவலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அதன் காலை நான் தொடுவதில்லை.

காக்டைலுக்குப் பழைய பயம் போக மூன்று மாதம் ஆனது. தினமும் தினைக்கதிரை ஒரு கையில் கொடுத்து, மறு கையின் விரலால் அதன் காலை ஒரு நொடி தொட்டு எடுத்தேன். அப்புறம் இரண்டு நொடி. அப்புறம் ஃபைலின் அட்டைப் பக்கத்தால் தொட்டேன். இப்போது அது ஜன்னல் கட்டையில் நின்று கதிரைக் கொறிக்கும்போது, யாரும் பிடிக்காமலே ஒரு நாளைக்கு இரண்டு நகம் தேய்க்க விடுகிறது. கைலித் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். இன்று காலை வலது காலின் பின்விரல்கள் இரண்டும் முடிந்தன. இடது கால் நாளைக்கு.